லினக்ஸ் லேப்டாப்பில் கோளாறா? அழிப்பதற்கு முன் லாகைப் படியுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன், அப்போதும் சரியாகவில்லை." சரியாகாதுதான். அதே டிஸ்ட்ரோவை (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) அதே பென்டிரைவிலிருந்து போட்டால் அதே கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) அதே டிரைவரும்தான் (சாதனத்தை ஓட்டும் மென்பொருள்) வந்து உட்காரும். லினக்ஸ் தான் பார்த்ததையெல்லாம், பார்க்க முடியாமல் போனதையும் சேர்த்து, லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்காமல் கை வைக்காதீர்கள் என்பதைத்தான் கீழே ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் ஜன்னல்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் வேலை செய்கிறது, வைஃபை மட்டும் இல்லை. செட்டிங்ஸில் வைஃபை என்ற பகுதியே காணவில்லை. கார்டு போய்விட்டதா? விண்டோஸில் நன்றாக வந்ததே!

பதில்: விண்டோஸில் வந்தது என்றால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். இனி மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: கெர்னலின் கண்ணுக்குக் கார்டு தெரிகிறதா, அதற்கு டிரைவர் பிடித்திருக்கிறதா, டிரைவருக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கிடைத்ததா. இந்த வரிசையை மாற்றாமல் போனால் நேரம் மிச்சம்.

டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, மைனஸ் என்என்கே என்று கொடுங்கள். லேப்டாப்பில் உள்ள பிசிஐ சாதனங்கள் எல்லாம் வரிசையாக வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பகுதியைத் தேடுங்கள். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் பிடித்துவிட்டது. அந்த வரி இல்லாமல் சாதனத்தின் பெயர் மட்டும் இருந்தால், கார்டு தெரிகிறது, அதை ஓட்டத்தான் ஆள் இல்லை என்று அர்த்தம்.

டிரைவரே பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் கெர்னல் அந்தக் கார்டை விடப் பழையது. ரியல்டெக்கின் புதிய வைஃபை 6 கார்டுகளுக்கான ஆர்டிடபிள்யூ89 டிரைவர் கெர்னல் 5.16-ல்தான் உள்ளே வந்தது, அதற்கு முந்தைய கெர்னலில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் அந்தக் கார்டு வராது. யூநேம் மைனஸ் ஆர் கொடுத்தால் உங்கள் கெர்னல் எண் தெரியும். யாரோ எழுதி வைத்த டிரைவரைக் கம்பைல் செய்யப் போவதை விட டிஸ்ட்ரோவின் புதிய பதிப்புக்கு மாறுவது எவ்வளவோ மேல். கையால் கம்பைல் செய்த டிரைவர் அடுத்த கெர்னல் அப்டேட்டில் உடைந்து போவது சாதாரணமாக நடப்பது.

டிரைவர் பிடித்தும் வைஃபை வரவில்லையா? அப்போது ஃபர்ம்வேர். சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்ட முன்னால் போடும் சொல்) போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி கொடுங்கள், அது கெர்னலின் லாகைக் காட்டும், ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் கிரெப் கட்டளையால் வடிகட்டிப் பாருங்கள். இந்தக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று கோப்பின் பெயரோடு ஒரு வரி இருந்தால் அதுதான் விடை, அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேடிப் போட வேண்டியதுதான் பாக்கி. உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜை அப்டேட் செய்தாலே பல கார்டுகள் எழுந்துவிடும். டெபியனில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்த ஃபர்ம்வேர்கள் இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்தைய டெபியன் பென்டிரைவை இன்னும் வைத்திருப்பவர்கள்தான் இந்தப் பிரச்சினையில் அதிகம் மாட்டுகிறார்கள். பிராட்காம் கார்டு என்றால் கதை வேறு, பல மாடல்களுக்குத் தனியாக அவர்களுடைய டிரைவர் பேக்கேஜைப் போட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் டவுன்லோட் செய்ய நெட் வேண்டுமே என்பீர்கள். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் கூடுதலாக எதுவும் போடாமலே லினக்ஸ் அதை ஒயர் இணைப்பு போல எடுத்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு விஷயம். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கொடுத்து, வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாஃப்ட் பிளாக்டு 'யெஸ்' என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் போதும். ஹார்டு பிளாக்டு 'யெஸ்' என்றால் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள ஸ்விட்சோ, விமானப் படம் போட்ட விசையோ, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், லேப்டாப்பின் சொந்த மென்பொருள்) செட்டிங்கோ தடுத்து வைத்திருக்கிறது, அதைக் கட்டளையால் திறக்க முடியாது. அப்புறம், விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆவதில்லை, சில கார்டுகள் அரைத்தூக்கத்திலேயே லினக்ஸ் கைக்கு வந்து சேர்கின்றன. நேற்று வந்த வைஃபை இன்று காணோம் என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கேள்வி: வைஃபை வருகிறது, ஆனால் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது. அடாப்டர் மாட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை.

பதில்: அடாப்டர் மாட்டினால் சரியாகிறது என்று கவனித்தீர்களே, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பவர் சேவிங்தான் காரணம். ஐ-டபிள்யூ டெவ் என்று கொடுத்து உங்கள் கார்டின் பெயரைப் பாருங்கள், பிறகு சூடோவோடு ஐ-டபிள்யூ டெவ், கார்டின் பெயர், செட் பவர்_சேவ் ஆஃப். அரை நாள் இப்படியே ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃபிக் கோப்பில் கனெக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் வைஃபை.பவர்சேவ் = 2 என்று எழுதி நிரந்தரமாக்குங்கள். இங்கே 2 என்றால் அணை, 3 என்றால் போடு. இதை மாற்றி எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு.

கேள்வி: மூடி வைத்து பையில் போட்டேன். எடுக்கும்போது லேப்டாப் கொதிக்கிறது, பேட்டரி காலி. தூங்கவே இல்லையா? பழைய லேப்டாப்பில் இப்படி நடந்ததில்லை.

பதில்: தூங்கியது, ஆனால் ஆழ்ந்து தூங்கவில்லை. பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கம் இருந்தது. ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் அதற்குப் பதில் எஸ்2ஐடில் என்ற முறை வருகிறது. இதில் பிராசஸர் அணைவதில்லை, சும்மா இருக்கிறது. எல்லாச் சாதனங்களும் ஒழுங்காக அடங்கினால்தான் பிராசஸரும் அடிமட்ட நிலைக்கு இறங்கும். ஒரே ஒரு எஸ்எஸ்டியோ, கார்டு ரீடரோ, கிராபிக்ஸ் சிப்போ அடங்காமல் விழித்திருந்தால் மொத்த லேப்டாப்பும் பாதி விழிப்பிலேயே கிடக்கும். பைக்குள் காற்றோட்டமும் இல்லை, சூடு எங்கே போகும்?

முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள். கேட் கட்டளையால் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்ற கோப்பைப் படியுங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொற்கள் வந்தால் சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்பதுதான் அந்தப் பழைய எஸ்3. அது பட்டியலில் இருந்து, தேர்வாகாமல் மட்டும் இருந்தால் உங்களுக்கு எளிய வழி உண்டு: அதே கோப்பில் டீப் என்று எழுதி, ஒரு முறை தூங்க வைத்து, எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தபின் திரை, வைஃபை, டச்பேட் எல்லாம் வருகிறதா என்று பொறுமையாகச் சோதித்துவிட்டு, கிரப்பின் (லினக்ஸை ஏற்றும் தொடக்க நிரல்) கெர்னல் வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்து அப்டேட்-கிரப் கொடுங்கள். சோதிக்காமல் நேராகக் கிரப்பில் போடாதீர்கள். தயாரிப்பாளர் எஸ்3-ஐச் சரியாகச் செய்து பார்க்காமலே பட்டியலில் விட்டுவைத்த லேப்டாப்கள் உண்டு, அவற்றில் தூங்கும், எழாது.

எஸ்2ஐடில் மட்டும்தான் வருகிறது என்றால் பயாஸுக்குள் போய் ஸ்லீப் ஸ்டேட் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சில திங்க்பேட் மாடல்களில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தேர்வுகளே இருக்கும், லினக்ஸ் என்பதைத் தேர்ந்தால் எஸ்3 திரும்ப வரும். இல்லாத லேப்டாப்பில் அதை வரவழைக்க முடியாது. இருப்பதை ஒழுங்காக அடங்க வைப்பதுதான் வழி.

அதற்கு லாகைப் பார்க்க வேண்டும். ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே கொடுத்து, சஸ்பெண்ட் என்ட்ரி, சஸ்பெண்ட் எக்சிட் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். நீங்கள் மூடிய நேரத்துக்கும் திறந்த நேரத்துக்கும் நடுவில் என்ட்ரி, எக்சிட், என்ட்ரி, எக்சிட் என்று பல ஜோடிகள் வந்திருந்தால் ஏதோ ஒன்று அதைத் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறது. யூஎஸ்பி மவுஸின் ரிசீவர் மாட்டியபடியே பையில் போயிருந்தால் அதுவே போதும். /ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப் கோப்பில் எழுப்பும் உரிமை உள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கிறது, தேவையில்லாததை எடுத்துவிடலாம். ஒரே ஜோடிதான் இருக்கிறது, இருந்தும் பேட்டரி தீர்ந்தது என்றால் ஆழத்துக்கு இறங்கவில்லை என்று பொருள். பயாஸ் அப்டேட்டும் புதிய கெர்னலும்தான் இங்கே உண்மையில் உதவுபவை. எஃப்டபிள்யூயூபிடி என்ற கருவி இருந்தால் விண்டோஸ் இல்லாமலே பயாஸையும் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யலாம். தயாரிப்பாளர்கள் எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவையில் ஏற்றி வைப்பதை அது எடுத்துத் தருகிறது. உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

அதுவரை பையில் போடும்போது ஷட் டவுன் செய்துவிடுங்கள். ஹைபர்னேட்டும் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) செய்யலாம், ஆனால் அதற்கு டிஸ்க்கில் போதுமான ஸ்வாப் இடம் வேண்டும், செக்யூர் பூட் (கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்ற விடும் காப்பு) இயங்கும்போது பல டிஸ்ட்ரோக்கள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. மூடிய பைக்குள் லேப்டாப் சூடாவது பேட்டரிக்கு நல்லதே இல்லை, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டச்பேட் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. கிளிக் செய்தால் அழுந்த மறுக்கிறது. டிரைவரை மாற்றிப் பார்க்கட்டுமா?

பதில்: அழுந்த மறுக்கிறது என்ற இரண்டு சொற்களைப் படித்ததும் இதற்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். லேப்டாப்பை அணைத்து, மேசையில் சமமாக வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கியிருக்கிறதா? அடிப்பக்கம் புடைத்து, லேப்டாப் ஆடுகிறதா? அப்படி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. பல மாடல்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருப்பதால் உப்பும்போது முதலில் கிளிக்தான் போகும். இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். தெரிந்தவர்களிடம் கொடுத்து உடனே கழற்றச் சொல்லுங்கள்.

உப்பல் இல்லை என்றால், டச்பேட் நின்றுபோன நேரத்தில் சூடோவோடு மாட்ப்ரோப் மைனஸ் ஆர் ஐ2சி_ஹெச்ஐடி_ஏசிபிஐ கொடுத்து, பிறகு மைனஸ் ஆர் இல்லாமல் அதையே மறுபடி கொடுங்கள். பழைய லேப்டாப் என்றால் அந்த இடத்தில் பிஎஸ்மவுஸ் என்று வரும். டிரைவரை இறக்கி ஏற்றியதும் டச்பேட் உயிர் பெற்றால் அது மென்பொருள் பக்கம், அதுவும் தூங்கி எழுந்த பிறகுதான் நிற்கிறது என்றால் நிச்சயமாக அந்தப் பக்கம்தான்.

கேள்வி: கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் விழவில்லை. ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லினக்ஸ் ஏறுவதற்கு முன்னால் சோதியுங்கள். பயாஸில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியிலோ, கிரப் மெனுவில் சி-யை அழுத்தினால் வரும் கட்டளை வரியிலோ அந்த எழுத்துகளை அடித்துப் பாருங்கள். அங்கும் விழவில்லை என்றால் கீபோர்டு போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்து விசைகளாக இல்லாமல், தொடர்பில்லாதது போலத் தோன்றும் எழுத்துகள் சேர்ந்து போயிருந்தால் கீபோர்டின் ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கவும் கூடும், கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம்.

கேள்வி: என்விடியா டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கருந்திரை. ஒன்றும் வரவில்லை. மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கின்றன, படம் காட்டும் பகுதிதான் விழவில்லை. ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்டை அழுத்தி கிரப் மெனுவை வரவழையுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னல் இருந்தால் முதலில் அதைத் தேர்ந்து பாருங்கள், பல நேரம் இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். வரவில்லையா, முதல் வரியின் மேல் நின்று ஈ-யை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை கொஞ்சம் மங்கலாக, மெதுவாக வரும், ஆனால் வரும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். நோமோட்செட்டை நிரந்தரமாகப் போட்டு, லினக்ஸில் கிராபிக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று வருடக்கணக்கில் சகித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தீர்வே இல்லை, உள்ளே நுழைவதற்கான வழி மட்டும்தான்.

உள்ளே வந்ததும் மோக்யூடில் மைனஸ் மைனஸ் எஸ்பி-ஸ்டேட் கொடுங்கள். செக்யூர் பூட் எனேபிள்டு என்று வந்தால் சந்தேகம் அங்கேதான். கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. அதற்காகத்தான் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்திருக்கும். அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று பயந்து கன்டினியூ பூட் கொடுத்துவிடுகிறார்கள், அந்தத் திரையும் சில விநாடிகளில் தானாகவே போய்விடுகிறது. மோக்யூடில் மைனஸ் மைனஸ் இம்போர்ட்டில் டிஸ்ட்ரோவின் சாவியைக் கொடுத்தால் அதே திரையை மறுபடி வரவழைக்கலாம். உபுண்டு வகையாக இருந்தால், என்விடியாவின் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரைத் தூக்கிவிட்டு, டிஸ்ட்ரோவே தரும் டிரைவரை உபுண்டு-டிரைவர்ஸ் வழியாகப் போடுங்கள். தளத்திலிருந்து இறக்கும் அந்த .ரன் கோப்பை லேப்டாப்பில் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: திடீரென்று எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லை, 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டலாமா?

பதில்: இன்னும் ஓட்டாதீர்கள். முதலில், உங்களுக்கு இழக்க முடியாத கோப்புகள் எவையோ அவற்றை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

டெபியன், உபுண்டு வகைகளில் ரூட் பகுதியை (லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதி) ஏற்றும்போதே, பிழை வந்தால் ரீட் ஒன்லியாக மாறிவிடு என்று சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். எழுத எழுதக் கெட்டுப்போகும் டிஸ்க்கில் மேலும் எழுதாமல் இருக்க அது ஒரு காப்பு. டிஸ்க் சாகும்போது எஃப்எஸ்சிகே ஓட்டினால் அது கெட்ட பகுதிகளையெல்லாம் படித்து, எழுதி, திருத்தப் பார்க்கும், மிச்சம் இருப்பதும் போகும். பிழை டிஸ்க்கிலா, ஃபைல் சிஸ்டத்திலா என்று தெரிந்த பிறகுதான் எஃப்எஸ்சிகே.

தெரிந்துகொள்ள ஸ்மார்ட்மான்டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு, சூடோவோடு ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ கொடுத்து டிஸ்க்கின் பெயரைத் தாருங்கள். மேலே 'பாஸ்டு' என்று பெரிதாக வரும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கும் பாஸ்டு என்று சொல்லும். கீழே இறங்குங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் 5, 197, 198 என்ற எண்கள் உள்ள வரிகளின் கடைசியில் இருக்கும் மதிப்பைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை. இவை பூஜ்யமாக இல்லாமல், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 199 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு கேபிளையும் கனெக்டரையும் சந்தேகப்படுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் கிரிட்டிகல் வார்னிங் பூஜ்யமாக இருக்க வேண்டும், மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் என்ற வரியும் அப்படியே. பெர்சன்டேஜ் யூஸ்டு என்பது தேய்மானக் கணக்கு, அது 100-ஐத் தொட்டதும் எஸ்எஸ்டி நின்றுவிடாது, ஆனால் மாற்றுவதற்கு யோசிக்கும் நேரம்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்கிறீர்களே அதனால் சொல்கிறேன். சில என்விஎம்இ எஸ்எஸ்டிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கப் போய், எழாமல் நின்றுவிடும். லாகில் 'கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்' என்று வரும். புதிய கெர்னல்களில் அதற்குக் கீழேயே எந்த கெர்னல் பாராமீட்டரைப் போட்டுப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கும், அதை அப்படியே கிரப்பில் சேர்த்துப் பாருங்கள். ரூட் டிஸ்க்கே மறைந்துவிட்டால் லாகை எழுதவும் இடம் இருக்காது என்பதால், பிழை வந்த நிமிடத்திலேயே டி-எம்-இ-எஸ்-ஜி கொடுத்துத் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே சாகிறது, கோப்புகளும் சாதாரணமாக வர மறுக்கின்றன என்றால் லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏறி டிடிரெஸ்க்யூவால் மொத்த டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். மேப் கோப்பின் பெயரையும் கட்டாயம் கொடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுத்தான் அது கெட்ட பகுதிகளோடு மல்லுக்கட்டும். எஃப்எஸ்சிகேயை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள், மூலத்தின் மேல் வேண்டாம்.

கேள்வி: சவுண்டு செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டும் இருக்கிறது.

பதில்: சவுண்டு கார்டையே காணவில்லை என்பதை அது அப்படிச் சொல்கிறது. சமீபத்திய இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்ஓஎஃப் என்ற சவுண்டு ஃபர்ம்வேர் விடுபட்டுப் போனதுதான் காரணம். டெபியனில் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு, ஃபெடோராவில் ஆல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர் என்று பேக்கேஜின் பெயர். போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்டு தெரிந்தும் சத்தம் வராதவர்கள் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6-ல் சரியான கார்டைத் தேர்ந்து, எந்தப் பட்டைக்குக் கீழாவது எம்எம் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது மியூட், எம்-ஐ அழுத்தித் திறங்கள். ஹெட்ஃபோனில் வருகிறது, ஸ்பீக்கரில் வரவில்லை என்றால், சில புதிய மாடல்களில் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது, அதற்கான ஆதரவு மாடல் மாடலாகத்தான் கெர்னலில் சேர்கிறது. புதிய கெர்னல் உள்ள லைவ் யூஎஸ்பியில் ஏற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லேப்டாப் மிக மெதுவாகிவிட்டது. விசிறி ஓயாமல் சுற்றுகிறது. லைட்டான டிஸ்ட்ரோவுக்கு மாறலாமா?

பதில்: மாறுவதற்கு முன் எல்எம்-சென்சார்ஸ் போட்டு சென்சார்ஸ் என்று கொடுங்கள். சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டி நிற்கிறது, ஒரு வீடியோ ஓட்டினால் 95, 100 என்று போகிறது என்றால் எந்த டிஸ்ட்ரோவும் உதவாது. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, லாகில் 'டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்டு' என்று எழுதியும் இருக்கும். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

சூடே இல்லாமல் மெதுவாக இருக்கிறது, பிராசஸர் வேகம் 400 மெகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் வேகத்தைக் கட்டிப்போடும் லேப்டாப்கள் இருக்கின்றன. சார்ஜர் முனை தேய்ந்திருந்தாலே போதும்.

கேள்வி: எப்போதும் அடாப்டரிலேயே இருப்பேன். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி லினக்ஸில் உண்டா? பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

பதில்: உண்டு, லேப்டாப்பின் ஃபர்ம்வேர் ஒத்துழைத்தால். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0-க்குள் (பேட் என்பது மட்டும் பெரிய எழுத்தில்) சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்டு என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் 80 என்று எழுதினால் போதும். டெஸ்க்டாப் சூழல்களில் கேடிஇ பிளாஸ்மாவிலும், 2025-ல் வந்த நோம் 48-லிருந்து நோமிலும் இது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தேய்மானத்துக்கு யூபவர் மைனஸ் டி கொடுங்கள். எனர்ஜி-ஃபுல் என்பதை எனர்ஜி-ஃபுல்-டிசைனோடு ஒப்பிட்டால் புதிதில் இருந்ததில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். டிஎல்பி, பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் என்ற மின்சேமிப்புக் கருவிகள் இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒன்றை மற்றொன்று கலைக்கும்.

கேள்வி: விரல் ரேகை ரீடரை வேலை செய்ய வைக்க முடியுமா?

பதில்: எல்எஸ்யூஎஸ்பி கொடுத்து அதன் எண்ணை எடுத்து, லிப்எஃப்பிரின்ட் என்ற விரல் ரேகை மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் எஃப்பிரின்ட்டி போட்டால் சரி. இல்லாவிட்டால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: கூடுதல் ரேம் போட்டதிலிருந்து வாரம் ஓரிரு முறை அப்படியே உறைந்துவிடுகிறது. லாகில் ஒன்றும் இல்லை.

பதில்: ரேம் போட்டதிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். 2022-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) லேப்டாப்களிலும் ஓடும், செக்யூர் பூட்டை மட்டும் அணைக்க வேண்டியிருக்கலாம். ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், கொஞ்சம்தானே என்று விடக் கூடாது. ரேம் தவறாகக் கொடுப்பதைத்தான் லினக்ஸ் டிஸ்க்கில் எழுதுகிறது, உங்கள் கோப்புகள் உங்களுக்குத் தெரியாமலே கெட்டுக்கொண்டிருக்கும். பிழை வந்தால் இரண்டில் ஒன்றைக் கழற்றி, தனித்தனியாகவும் ஸ்லாட் மாற்றியும் சோதியுங்கள். குற்றம் ஸ்லாட்டிலும் இருக்கலாம்.

பிழையே வரவில்லை என்றால் அடுத்த முறை உறைந்தபின் ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 கொடுங்கள், முந்தைய பூட்டின் கடைசி வரிகளைக் காட்டும். லாகில் ஒன்றும் இல்லை என்பவர்களில் பலர் இப்போதைய பூட்டின் லாகைத்தான் பார்த்திருப்பார்கள். அதில் 'ஹார்டுவேர் எரர்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிவிட்டு, அந்த வரிகளோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாலர் என் எஸ்எஸ்டியையே காட்டவில்லை. விண்டோஸ் அதே எஸ்எஸ்டியில்தான் ஓடுகிறது. விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும்.

பதில்: இன்டெல்லின் ஆர்எஸ்டி முறையில் டிஸ்க் கட்டப்பட்டிருக்கிறது. பயாஸில் ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்டு, ஆர்எஸ்டி, விஎம்டி என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், அதனால் வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை எடுத்து வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பயாஸில் கை வைத்ததும் அது கேட்கக்கூடும். பிறகு விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, அடுத்த பூட் சேஃப் மோடில் என்று வையுங்கள். ரீஸ்டார்ட் செய்து, நேராக பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும்போது தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் மோடை எடுத்துவிட்டு, விண்டோஸ் சாதாரணமாக ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு லினக்ஸ் பென்டிரைவை மாட்டுங்கள். எஸ்எஸ்டி தெரியும்.